பாதரசமும் வளரும் உயிர்களும்

போடிமெட்டு ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கும், வாளையாறு கடந்து பாலக்காட்டுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களுள் பெரியகுளம், தேனிப் பக்கத்து உறவுடையவை பல. கும்பக்கரை அருவியில் நீராடியோரும் நம்முள் பலர். அவ்வருவிக்கு நீர் தரும் பாம்பாறு கொடைக்கானல் மலையினின்று இறங்குவது. (மறையூர் வழியோடி அமராவதியில் கலக்கும் பாம்பாறு வேறு, பெயரொற்றுமையால் மயங்க வேண்டா.) கொடைக்கானலில் பாம்பாற்றுச் சோலையின் விளிம்பில்தான் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் பழைய பொருட்கடை ஒன்றில் குவிந்து கிடந்தது வெளிப்பட்டபின், 2001 இல் அது மூடப்பட்டது. 2003 இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. 2016 இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது.

தொழிலாளரின் நலிவைப் பற்றி நாடே பேசியது. பேசாது விட்டது இளம் உயிர்களைப் பற்றி என்றே கருதுகிறோம். கொடைக்கானல் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை விஞ்ஞானிகள் கண்டனர். நீரடிச் சேற்றின் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறுமீனைப் பெருமீன் தின்னத் தின்ன அது பெருகுகிறது. கருவுற்ற தாயிடமிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் சேர்கிறது.

உடலின் வளர்ச்சியை நடத்துவன ஹார்மோன்கள். தலைப்பிரட்டை தவளையாவதும் தைராயிடு ஹார்மோனால்தான். அந்த ஹார்மோனைச் செயல்படும் நிலைக்கு மாற்றும் நொதிகளுக்குச் செலினியம் தேவை. பாதரசமோ செலினியத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. அமெரிக்காவின் பிளோரிடாவில் வெள்ளை அரிவாள்மூக்கன் குஞ்சுகளுக்கு மூன்றாண்டுகள் சிறிதளவு மெத்தில் பாதரசம் கலந்த இரை தந்தனர். கொல்லும் அளவன்று; இயற்கையில் காணப்படும் அளவே. ஆயினும் வளர்ந்த பறவைகளின் ஹார்மோன்கள் மாறின, ஆண்கள் பெண்களை விடுத்துத் தம்முள்ளே இணைந்தன, குஞ்சுகள் குறைந்தன. 2010 இல் வெளியான முடிவு இது. காட்மியமும் இத்தகையதே: கருவிலிருக்கையில் அதற்கு ஆளான பெண் எலிகள் காலத்துக்கு முன்பே பூப்பெய்தியதாக 2003 இல் அறியப்பட்டது.

இதற்காக மீனையே துறக்க வேண்டுவதில்லை. நம் சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் பாதரசம் குறைந்தவை. கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் சுறா போன்ற பெருமீன்களைத் தவிர்ப்பது நன்று. வீட்டில் பழைய வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கலாகாது, அடுப்பிலும் எறியலாகாது. சன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, உருளும் மணிகளைக் கெட்டித்தாளால் திரட்டி, மூடியுள்ள புட்டியில் அடைக்க வேண்டும்.