விருத்தர்களும் இணையமும்

இணையமென்பது வாலிபர்க்கே உரித்தான களம், நரை கண்டோருக்கு அங்கே வேலையில்லை என்றோர் அபிப்பிராயம் வேதாரண்யத்துத் திண்ணைகளிலும் குடிபுகுந்துவிட்டது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. 1930-ம் வருஷம் ஏப்ரலில் திருச்சியினின்று தொண்டர் நூற்றுவரை இவ்வூருக்கு நடத்திவந்த ராஜாஜிக்கு அப்போது பிராயம் 51!

புதுக்கோட்டை ஜில்லாவைப் பாருங்கள். சின்னவீரமங்கலத்தில் 2018-ல் பேரப்பிள்ளைகள் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங்’ யூடியூப் அரங்கில் நடுநாயகமாய் நின்றவர் பெரியதம்பித் தாத்தா. 2021-ல் தமிழ் அரங்குகளில் முதன்முதலாக ஒரு கோடிச் சந்தாதாரரை எட்டியது அதுவே. கருவியை ஏந்தியவர் பேரர்கள், கைப்பக்குவமோ கிழவருடையது.

சமையலோடு நின்றுவிடலாமா? 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் இக்கரையில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, 1952-ம் வருஷத்துப் புயலை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இருந்தனர். அன்று கடல்நீர் எதுவரை ஏறிற்று, எந்த மேட்டில் மக்கள் உயிர்தப்பினர், உப்பேறிய வயல் எத்தனை வருஷத்தில் தேறிற்று என்பனவற்றை அவர்களன்றி வேறு யார் சொல்லக்கூடும்? நீதிஸ்தலத்தில் கண்ட சாட்சிக்குள்ள மதிப்புக் கேட்ட சாட்சிக்கு இல்லை. அந்தச் சாட்சிகளுள் எஞ்சியோர் இன்று எண்பதை ஒட்டியும் தாண்டியும் இருப்பவர்கள்; ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

தட்டச்சுக்கு விரல் ஒத்துழையாதெனில் வாயால் சொல்லட்டும், பேரன் கைப்பேசியில் பதியட்டும். பெரியவர்கள் கூச்சத்தை விடுவார்களாக. இளைஞர்கள் நகைப்பை விடுவார்களாக. ஐப்பசி பிறக்குமுன் அகஸ்தியம்பள்ளியிலும் கோடியக்கரையிலும் பத்துப் பேரிடமேனும் இதைக் கேட்டுப் பதிவுசெய்து, யாவரும் காண வெளியிடுமாறு இவ்வூர் வாலிபர்களை வேண்டுகிறோம்.