பித்தப்பைக் கல்லும் நாட்டு மருந்தும்

சேதராப்பட்டு, வில்லியனூர்ப் பக்கங்களில் ஒருவருக்கு வயிற்றில் கல் என்று தெரிந்தால் போதும். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில் நீர் என அண்டை வீட்டார் ஆளுக்கொரு மருந்து கூறுவர். அன்பினால் கூறுவதே. ஆயினும், எந்தக் கல் என்று கேட்போர் சிலரே. இவை யாவும் சிறுநீர்க் கல்லுக்கு நம் முன்னோர் கையாண்டவை. பித்தப்பையோ கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு பை. சிறுநீர் செல்லும் வழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயுர்வேத ஆசான் சுசுருதர் விரித்துரைக்கும் ‘அச்மரி’யும் சிறுநீர்க் கல்லே.

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பையில் தங்கிச் செறிவடைகிறது. அந்நீரில் கொலஸ்டிரால் மிகுந்தாலும், பை சரிவரச் சுருங்காமல் நீர் தேங்கினாலும் கல் உருவாகும். பலமுறை கருவுற்ற பெண்களுக்கும், உடல் பருத்தோருக்கும், பட்டினி கிடந்து விரைவில் மெலிந்தோருக்கும் இது மிகுதி. ஆனால், கல் உள்ளோரில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் வலியே அறியார். அவர்களுக்கு மருந்தும் வேண்டா, கத்தியும் வேண்டா.

எலுமிச்சைச் சாற்றுடன் ஆலிவ் எண்ணெயை மிகுதியாகக் குடித்தால் கல் மலத்தில் வெளியேறும் என்பர். பச்சை உருண்டைகள் வெளிவருவதும் உண்மையே. 2005-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் அத்தகைய உருண்டைகளை ஆராய்ந்தபோது, அவை குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்டவை என்று கண்டனர். கல் பையிலேயே இருந்தது!

மருந்தால் கல் கரைவதே இல்லையா? சீன மருத்துவர் பண்டுதொட்டுக் கையாண்ட கரடிப் பித்தத்தில் உள்ள அமிலம் ஒன்று, இன்று உர்சோடையாக்சிகோலிக் அமிலம் என்னும் மாத்திரையாகக் கிடைக்கிறது. சிறிய கொலஸ்டிரால் கற்களை மட்டுமே அது கரைக்கும், மாதக்கணக்கில் உண்ணவேண்டும், நிறுத்தினால் பலருக்குக் கல் மீண்டும் தோன்றும்.

நாம் பெரிதும் அஞ்சவேண்டியது வேறொன்று. கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்தால் கண்ணும் தோலும் மஞ்சளிக்கும். உடனே கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கொடுத்து, பத்தியம் காத்து, பத்துநாள் பார்ப்பது நம் ஊர் வழக்கம். அந்தப் பத்து நாட்களில் நாளத்தில் சீழ் பிடிக்கலாம். கணையம் வெந்து உயிருக்கே கேடு நேரலாம். மஞ்சள் காமாலையுடன் குளிர்சுரமோ, வலப்பக்க மேல்வயிற்றில் மணிக்கணக்கில் தணியாத வலியோ இருந்தால், பச்சிலை அரைக்கும் நேரத்தில் கோரிமேட்டு ஜிப்மருக்குப் புறப்படுங்கள். அம்மருத்துவமனை இருக்கும் இடத்திற்கு ஆயுர்வேதத்தின் தந்தை பெயரால் தன்வந்திரி நகர் என்றே பெயர்!

உணவு கல்லைக் கரைக்காது. வலியைத் தடுக்க உதவும். எண்ணெயில் பொரித்தவை, கொழுத்த இறைச்சி, தேங்காய்ப்பால் மிகுந்த குழம்பு ஆகியவற்றைக் குறையுங்கள். கீரை, கேழ்வரகு, பயறு, காய்கள் நல்லவை. காலையுணவைத் தவிர்த்து வயலுக்கோ ஆலைக்கோ ஓடாதீர்கள். குழம்பில் இடும் மஞ்சளால் தீங்கில்லை; மருந்தாக மிகுதியாக உண்டால் அது பையைச் சுருங்கச் செய்து வலியைத் தூண்டக்கூடும்.

அடிக்கடி வலி வருவோருக்குப் பையை அகற்றுவதே தீர்வு. 1882-இல் பெர்லினில் லாங்கன்புக் என்பவர் முதன்முதல் இதனைச் செய்தார். இன்று சிறு துளைகளின் வழியே செய்யப்படுவதால், பலர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகின்றனர். பை இல்லாவிடினும் கல்லீரல் பித்தநீரை நேரே குடலுக்கு அனுப்பும். சிலருக்குச் சில வாரங்கள் வயிறு இளகும், அவ்வளவே.