கொலுசுப் பட்டறைக்கு ஏற்ற கணக்கு மென்பொருள்

வெள்ளிக் கொலுசு என்றதும் சேலம் நம் நினைவுக்கு வரும். சேலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டின் ஒரு பகுதியையே பட்டறையாக்கிக் கொலுசு செய்யும் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய பட்டறை ஒன்று தன் வரவு செலவையும் சரக்கு இருப்பையும் கணிப்பொறியில் எழுத விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த மென்பொருளை வாங்குவது? விலையும் விளம்பரமும் ஒருபுறம் இருக்கட்டும். விடை காண்பதற்கு, பள்ளியில் நாம் படித்த பொருண்மை அழியா விதியே பெரிதும் உதவும்.

மளிகைக் கடையும் பட்டறையும்

மளிகைக் கடைக்காரர் 10 சோப்புக் கட்டிகள் வாங்கி 6 விற்றால் 4 மீதி இருக்கும். சோப்பு சோப்பாகவே வந்து சோப்பாகவே போகிறது. எனவே எண்ணிக்கை ஒன்றே அவருக்குப் போதும். பெரும்பாலான இருப்புக் கணக்கு மென்பொருள்கள் இந்தக் கடையை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை.

பட்டறையில் நடப்பது வேறு. வெள்ளியும் செம்பும் சேர்ந்து உருகுகின்றன, கட்டி கம்பியாகிறது, கம்பி வளையமாகிறது, வளையங்கள் பற்றவைக்கப்பட்டுக் கொலுசாகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் பெயரும் வடிவமும் எண்ணிக்கையும் மாறுகின்றன. மாறாதது எது? உள்ளே போன தூய வெள்ளியின் எடைதான். அது கொலுசில் இருக்க வேண்டும், வெட்டுத்துண்டில் இருக்க வேண்டும், இல்லையேல் சேதாரமாகப் போயிருக்க வேண்டும். நான்காவது இடம் கிடையாது.

வெனிஸ் நகரில் 1494-இல் லூக்கா பசியோலி அச்சிட்டு வெளியிட்ட கணித நூல், இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கியது. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும் என்பதே அம்முறை. பட்டறைக்குத் தேவையானது, பணத்துக்கு மட்டுமன்றி வெள்ளிக்கும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் மென்பொருள்.

ஒரு சிறு கணக்கு

100 கிராம் உலோகத்தில் 80 கிராம் தூய வெள்ளி இருந்தால் தொழிலில் அதை 80 டச் என்பர். தொழிலாளி ஒருவருக்கு 80 டச் கம்பி 500 கிராமும், பற்றவைக்க 60 டச் பொடி 20 கிராமும் கொடுக்கிறோம். மொத்தம் 520 கிராம். தூய வெள்ளி, கம்பியில் 400, பொடியில் 12, ஆக 412 கிராம்.

வேலை முடிந்து 505 கிராம் கொலுசும் 11 கிராம் கம்பித் துண்டுகளும் திரும்புகின்றன. கூட்டினால் 516. மீதி 4 கிராம் அரத்திலும் மெருகிலும் போன சேதாரம்.

இதை வெவ்வேறு மென்பொருள்கள் எப்படிக் காட்டும் என்று பாருங்கள். துண்டுகளைத் திரும்பப் பெற்றதைப் பதிய இடம் இல்லாத மென்பொருளில் 15 கிராம் குறைவு என்று திரையில் தெரியும். 11 கிராம் டப்பாவில் பத்திரமாக இருக்க, பழி தொழிலாளியின் மேல் விழும். பொடி கொடுத்ததைப் பதிய இடம் இல்லையென்றால், 500 கிராம் வாங்கியவர் 516 கிராம் கொடுத்ததாகக் காட்டும்!

டச் எழுத இடம் இல்லாததில் விளையும் தவறு இன்னும் நுட்பமானது. கம்பி 80 டச் என்பதால் கொலுசும் 80 டச் என்று எழுதினால், கொலுசில் 404 கிராமும் துண்டில் 8.8 கிராமும் தூய வெள்ளி இருப்பதாக ஆகும். கூட்டுத்தொகை 412.8. நாம் கொடுத்ததோ 412! சேதாரம் முழுவதும் கம்பியிலிருந்து போனது என்று எளிமைக்காகக் கொண்டால், அதில் 3.2 கிராம் தூய வெள்ளி போயிற்று. எனவே கொலுசில் இருப்பது 400 கிராம்தான். அதன் டச் 79.2. பொடி தரத்தைச் சற்றே குறைத்துவிட்டது. 80 என்று சொல்லி விற்ற பின் கடைக்காரர் உரைத்துப் பார்த்தால் யார் பதில் சொல்வது?

ரூபாயும் கிராமும்

கடைக்காரர் வெள்ளி கொடுத்துக் கொலுசாகத் திரும்பப் பெறும்போது, பட்டறை பணமாகப் பெறுவது கூலியை மட்டுமே. மிச்சக் கடன் கிராமில் நிற்கிறது. ரூபாய் மட்டும் அறிந்த மென்பொருள் இக்கடனை அன்றைய விலைக்கு மாற்றி எழுதும். நாளை விலை ஏறினால், ஒரு கொலுசும் செய்யாமலேயே கணக்கில் லாபமோ நட்டமோ தோன்றும். ஆகவே ஒவ்வொரு நபருக்கும் ரூபாய் இருப்பும் வெள்ளி இருப்பும் தனித்தனியே வர வேண்டும்.

எவை கிடைக்கின்றன?

இரண்டு மூன்று தொழிலாளர்கள் உள்ள பட்டறைக்கு விரிதாளே தொடக்கத்துக்குப் போதும். லிப்ரெ ஆபிஸ் கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. மேலே கண்ட கணக்கை அதில் நாமே அமைக்கலாம். ஆனால் பழைய எண்ணை ஒருவர் தவறிப்போய் அழித்தாலும் அது கண்ணில் படாமல் போகலாம்.

குனு கேஷ் இலவச மென்பொருள். இரட்டைப் பதிவில் பணக் கணக்கை நன்கு வைக்கும். சரக்கு இருப்புக்கு அதில் வசதி இல்லை. பெங்களூரில் 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் டேலி, பணத்தையும் சரக்கையும் சேர்த்துப் பார்க்கும். வெளியே வேலைக்குக் கொடுத்த பொருளையும் பதியலாம். டச்சிலிருந்து தூய வெள்ளியைக் கணிப்பதற்குத் தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நகைத் தொழிலுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, டச் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் பெரிய கடைக்குரிய பல வசதிகளுக்கும் சேர்த்து விலை கொடுக்க நேரிடலாம்.

தராசும் தசமமும்

மென்பொருள் தராசைவிடத் துல்லியமாக இருக்க முடியாது. 10 மில்லிகிராம் மீச்சிற்றளவுள்ள மின் தராசில் ஒவ்வொரு நிறுத்தலிலும் 5 மில்லிகிராம் வரை முன்பின் ஆகலாம். 50 ஜோடிகளைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டினால் பிழை 250 மில்லிகிராம் வரை போகக்கூடும். இவ்வளவு வேறுபாடு களவு ஆகாது! எனவே அனுமதிக்கும் வேறுபாட்டை நாமே குறிக்க வழி இருப்பது நல்லது.

கணிப்பொறிக்கும் ஒரு குறை உண்டு. அது எண்களை இரும முறையில் வைப்பதால் 0.1 என்பதைச் சரியாக எழுத அதனால் இயலாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பல நிரல்மொழிகளில் 0.30000000000000004 என்று விடை வரும். நல்ல மென்பொருள் எடையை முழு மில்லிகிராம்களாக வைத்தோ வேறு வகையிலோ இதைச் சமாளித்துவிடும்.

வாங்குமுன் ஒரு சோதனை

சோதனைப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். மேலே கண்ட 500, 20, 505, 11 என்னும் நான்கு எண்களையும் நீங்களே பதியுங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. சேதாரம் 4 கிராம் என்றும் கொலுசு 79.2 டச் என்றும் விடை கிடைக்கிறதா?

2. அத்தொழிலாளியின் கணக்கை அவரே படிக்கும்படி தமிழில் அச்சிட்டுத் தர முடியுமா?

3. ஒரு பதிவைத் திருத்தினால், திருத்தியது யார், எப்போது என்பது தெரிகிறதா?

4. வரி விகிதத்தைத் தேதி வாரியாக மாற்றலாமா? 2017 ஜூலை 1-இல் வந்த சரக்கு சேவை வரியில் வெள்ளி நகைக்கு 3 விழுக்காடு. நாளை அது மாறினாலும் பழைய பட்டியல்கள் மாறக்கூடாது.

5. எல்லாப் பதிவுகளையும் விரிதாளாக வெளியே எடுக்க முடியுமா? முடியாதென்றால், சந்தா நின்ற அன்று உங்கள் கணக்கும் உங்களை விட்டுப் போய்விடும்.

முதல் கேள்வியில் தோற்ற மென்பொருள் மற்றவற்றில் எவ்வளவு சிறந்து விளங்கினாலும் பட்டறைக்கு உதவாது. ஐந்திலும் தேறியதை வாங்கினாலும், மூன்று மாதம் பழைய நோட்டையும் கூடவே எழுதி வாருங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு நோட்டை மூடலாம். பட்டறையில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் நம்பியே தொழில் நடக்கிறது. அந்த நம்பிக்கையைத் தவறான எண் ஒன்று குலைத்துவிடாமல் காப்பதே கணக்கின் பயன்.