மலைவழியும் மிதிவண்டியும்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்தது கோட்டூர் மலை. 2021-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது அம்மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டன. ஊர்தி செல்லத்தக்க சாலை அன்று அங்கு இல்லாமையே அதற்குக் காரணம். தேர்தல் என்றோ ஒருநாள் வருவது. அரிசியும் உப்புமோ நாடோறும் வேண்டுவன. அடிவாரத்தில் நின்று காண்பார்க்கு அத்தகைய வழி வெறும் ஒற்றையடிப்பாதை. மலைமேல் வாழ்வார்க்கு அதுவே சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் பெருவழியாகும்.

இவ்வாறான வழிகளில் இன்பம் கருதி ஏறியிறங்குதற்கென்றே அமைந்தது மலை மிதிவண்டி. 1970-களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், தமல்பாய்ஸ் என்னும் மலையின் சரிவுகளில், இளைஞர் சிலர் பழைய மிதிவண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டினர். 1976-இல் அங்குப் பந்தயமும் நடைபெற்றது. ஒருமுறை கீழிறங்குவதற்குள் பின்சக்கரத் தடையிலுள்ள மசகு வெப்பத்தால் புகைந்து போகும். அதனை மீண்டும் நிரப்பிய பின்னரே அடுத்த ஓட்டம்! விளையாட்டு வளர வளரப் பூசலும் வளர்ந்தது. நடந்து செல்வோரும் குதிரையேறிச் செல்வோரும் அஞ்சி முறையிட்டனர். வழிகள் பல மிதிவண்டிக்கு அடைக்கப்பட்டன. அதன் பின்னர், 1988-இல், மலை மிதிவண்டியாளர் பன்னாட்டுச் சங்கம் ஒன்றை நிறுவித் தமக்குத் தாமே நெறிகள் வகுத்துக்கொண்டனர். நடப்போர்க்கும் குதிரைக்கும் மிதிவண்டியே வழிவிடல் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. அடைபட்ட பின் பிறந்த அறிவு எனினும் நல்லறிவே.

குதிரை நிற்கும் இடத்தில் பொதிகழுதையை வைத்து எண்ணினால், அந்நெறி நம் மலைகட்கும் பொருந்தும். எதிரே பொதி வரக் கண்டவர் வண்டியினின்று இறங்கி, பள்ளத்தின் பக்கம் நில்லாது மலையின் பக்கம் ஒதுங்கி நிற்றல் வேண்டும். புடைத்து நிற்கும் மூட்டை ஆளைப் பள்ளத்தில் தள்ளிவிடவும் கூடும். இன்சொல் ஒன்று கூறினால், வருபவன் மனிதனே என்று விலங்கும் அறிந்துகொள்ளும்.

காய்ந்து இறுகிய வழியில் உருண்டு செல்லும் சக்கரத்தால் பெருந்தீங்கு இல்லை. தடையை இறுக அழுத்த, சக்கரம் சுழலாது இழுபட்டுச் செல்லும்போதே கேடு தொடங்குகிறது. அது மேல்மண்ணைச் சுரண்டி நீண்ட கோடு ஒன்றைக் கீறிவிடும். மழைநீர் அக்கோட்டையே வாய்க்காலாகக் கொண்டு ஓடும். மண் கரைந்து கல் மட்டும் எஞ்சும். கீறியவர் அன்று மாலையே ஊர் திரும்பியிருப்பார்; சுமையோடு வரும் கழுதையின் கால் அக்கல்லில் இடறும். ஆதலின் சரிவுக்கு முன்னரே விரைவைக் குறைத்தலும், ஈரம் உலரும்வரை வண்டியை எடாதிருத்தலும் வேண்டும்.

காட்டினுள் மற்றோர் இடர் உண்டு. நடப்பவரின் காலடியோசை முன்னே செல்லும். மிதிவண்டியோ ஓசையின்றி விரைந்து வருவது. வளைவில் திரும்பியவுடன் யானையின் எதிரே நிற்க நேரிடலாம். இம்மாவட்டக் காடுகளின் ஒரு பகுதி, 2022-இல் அறிவிக்கப்பெற்ற காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. யானைகள் நடமாடும் இடம். எனவே வனத்துறையின் இசைவு பெறாமல் காப்புக்காட்டில் நுழைதல் குற்றமாகும். எந்த வழியில், எந்நேரத்தில் யானை நீருக்கு இறங்கும் என்பதனை வனக்காவலரும் மலைவாழ் மக்களுமே அறிவர். வண்டியில் ஏறுமுன் அவர்களை வினவ வேண்டும்.