பேரிடர் நிவாரணத்தில் குறுஞ்செய்தி நன்கொடையும் கூட்டு வரைபடமும்: 2010 ஹைட்டி நிலநடுக்கத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: பேரிடர் நிவாரணம், தொண்டு நிறுவனங்கள், குறுஞ்செய்தி நன்கொடை, கூட்டு வரைபடம், பொறுப்புடைமை

2010 சனவரி 12 அன்று மாலை ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சுக்கு அருகே 7.0 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. தொண்டு நிறுவனங்கள் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய வரலாற்றில் இந்நிகழ்வு ஒரு திருப்புமுனையாகக் கருதப்பெறுகிறது. ஆயின், நன்கொடை திரட்டிய தொழில்நுட்பமும் துயருற்றோர் குரலைத் திரட்டிய தொழில்நுட்பமும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. அவ்விரண்டின் இயங்குமுறையைப் பிரித்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறுஞ்செய்தி நன்கொடை

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், 90999 என்னும் எண்ணுக்கு ‘ஹைட்டி’ என்ற ஒற்றைச் சொல்லை அனுப்புமாறு வேண்டியது. அனுப்பியவரின் கைப்பேசிக் கட்டணத்தில் 10 டாலர் சேர்க்கப்பட்டது. படிவமோ கடன் அட்டை எண்ணோ தேவைப்படவில்லை. இவ்வழியில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் திரண்டது. கட்டணப் பட்டியலின் வழியே வசூலிக்கப்பட்ட பின்னரே இத்தொகை நிறுவனத்தைச் சேரும் என்பதால், விரைவு என்பது கொடுப்பவரின் முடிவில் இருந்ததேயன்றிப் பணத்தின் பயணத்தில் இல்லை. பியூ ஆய்வு மையம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு கொடுத்தோருள் பெரும்பாலோர் செய்தியறிந்த நாளிலேயே கொடுத்தனர்; பின்னர் நடைபெற்ற மறுகட்டுமானத்தை அவர்களுள் பலர் நெருக்கமாகக் கவனிக்கவில்லை.

கூட்டு வரைபடம்

உசாகிடி என்னும் சுவாகிலிச் சொல் ‘சாட்சியம்’ எனப் பொருள்படும். கென்யத் தேர்தல் வன்முறையைப் பதிவுசெய்ய 2008இல் உருவான இம்மென்பொருளைக் கொண்டு, ஹைட்டியிலிருந்து வந்த செய்திகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. துயருற்றோர் 4636 என்னும் எண்ணுக்குச் செய்தி அனுப்பினர். பெரும்பாலான செய்திகள் ஹைட்டியக் கிரியோல் மொழியில் அமைந்தன. அயல்நாட்டு மீட்புக் குழுவினர் பலருக்கோ அம்மொழி தெரியாது. புலம்பெயர்ந்த ஹைட்டியர் இணையவழி அவற்றை மொழிபெயர்த்ததோடு, உள்ளூர் வழக்கில் மட்டுமே அறியப்பட்ட தெருக்களையும் அடையாளம் காட்டினர். தெருப்படம் அரிதாக இருந்த அந்நகரை, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் சில நாள்களில் வரைந்தளித்தனர். தொழில்நுட்பத்தின் வெற்றி எனப் போற்றப்படும் இப்பணியின் பெரும்பகுதி மொழியறிவும் ஊரறிவும் சார்ந்த மனித உழைப்பே. எனினும், தான் அனுப்பிய செய்தியை எவரேனும் பொருட்படுத்தினரா என்பதை அனுப்பியவர் அறிந்துகொள்ள உறுதியான வழி இருக்கவில்லை. வந்த செய்திக்கு விடையளிக்கும் கடப்பாடு எந்த அமைப்பின் மீதும் தெளிவாகச் சுமத்தப்படவுமில்லை. இதனை இம்முறையின் முதன்மைக் குறையாகக் கருதலாம்.

பொறுப்புடைமை

செஞ்சிலுவைச் சங்கம் ஹைட்டிக்கெனத் திரட்டிய மொத்தத் தொகை ஏறத்தாழ 50 கோடி டாலர். 1,30,000க்கு மேற்பட்டோருக்கு வீடு வழங்கியதாக அச்சங்கம் கூறியது. அந்நிறுவனம் கட்டிய நிரந்தர வீடுகள் 6 மட்டுமே என 2015இல் புரோபப்ளிகா, என்.பி.ஆர். ஆகிய செய்தி நிறுவனங்கள் வெளிப்படுத்தின. தற்காலிகக் குடில், வாடகை உதவி முதலியன பெற்றோரும் சங்கத்தின் எண்ணிக்கையில் அடங்கியிருந்தனர். நில உரிமைச் சிக்கலே தடையாயிற்று என்பது சங்கத்தின் விளக்கம். அது முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால், வீடு கட்ட இயலாதெனத் தெரிந்த நிலையில், ஹைட்டிக்கெனப் பெற்ற பணத்தை என்செய்வது என்னும் வினா எஞ்சுகிறது.

இவ்வினாவை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முன்னரே எதிர்கொண்டது. சுமத்திரா, இலங்கை, தமிழகக் கடற்கரைகளைத் தாக்கிய 2004 ஆழிப்பேரலைக்குப் பின், தன் பணிக்குப் போதிய நிதி கிடைத்துவிட்டதென 2005 சனவரித் தொடக்கத்திலேயே அது அறிவித்தது. மிகுந்த தொகையைப் பிற நெருக்கடிகளுக்குச் செலவிட நன்கொடையாளரிடம் இசைவும் கோரியது; பணத்தைத் திருப்பிக் கேட்டோர் மிகச் சிலரே. அவ்வாறு இசைவு கோருவதற்குக் கொடுத்தவர் யாரெனத் தெரிந்திருக்க வேண்டும். குறுஞ்செய்தி நன்கொடையிலோ, கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பொதுவாக நிறுவனத்தின் கைக்கு வருவதில்லை.