வெள்ளை மணல் ஏன் சாம்பலா வந்தது?

போன எபிசோட்ல சொன்ன மாதிரி இன்னைக்கு கோடிங் பத்தி எதுவும் இல்ல. ஒரு பாலைவனம், ஒரு கேமரா, முதல் நாள் நான் வீணாக்கின 300 படம். அவ்வளவுதான்.

ஆன்சைட்டுக்காக டல்லாஸ்ல இருந்தப்போ, ஒரு நவம்பர் லாங் வீக்கெண்ட்ல நானும் ஃப்ரெண்டும் எல் பாசோவுக்கு ஃப்ளைட் பிடிச்சோம். அங்கிருந்து வாடகைக் கார்ல ஒன்றரை மணி நேரம். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் இருக்கிற ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்கா. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வெள்ளை மணல் மேடு. கூலிங் கிளாஸ் இல்லாம பார்க்க முடியல. வெறித்தனமா சுட்டுத் தள்ளினேன். ராத்திரி மோட்டல்ல இருந்து அம்மாவுக்கு நாலு படம் வாட்ஸ்அப் பண்ணேன். பதில் வந்தது: "ஏன்டா, சிமெண்ட் ஃபேக்டரிக்கு எதுக்குப் போன?"

லேப்டாப்ல போட்டுப் பார்த்தா அம்மா சொன்னது சரிதான். மணல் மொத்தமும் சாம்பல். லென்ஸ்ல பிரச்சினையான்னு பார்த்தேன், இல்ல. கேமரா தன் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கு. அதுதான் பிரச்சினையே.

கேமராவுக்குள்ள இருக்கிற லைட் மீட்டருக்கு முன்னாடி இருக்கிறது என்ன பொருள்னு தெரியாது. எவ்வளவு வெளிச்சம் உள்ள வருதுன்னு மட்டும்தான் தெரியும். அதனால யாரோ ஒரு டீஃபால்ட் வேல்யூ வெச்சிருக்காங்க: உலகம் சராசரியா நடுத்தர சாம்பல் நிறம். வழக்கமா சொல்ற கணக்கு, விழுற வெளிச்சத்துல 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புற சாம்பல். மரம், ரோடு, மனுஷன், கட்டடம் எல்லாம் கலந்து இருக்கிற தெருவுக்கு இந்த அனுமானம் நல்லாவே வேலை செய்யும். வெள்ளைப் பாலைவனத்துல? நல்ல வெள்ளைப் பரப்பு 90 சதவீதம் திருப்பி அனுப்புதுன்னு வெச்சுக்கோங்க. அது 18-ஐ விட 5 மடங்கு. கேமரா "ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு பயந்து, அதை இழுத்துக் கீழே கொண்டு வந்து சாம்பலாக்கிடும். இப்போ வர்ற கேமராக்கள் காட்சியை ஓரளவு புரிஞ்சுக்கிட்டுத் திருத்தும். ஆனா ஃப்ரேம் முழுக்க வெள்ளைன்னா அதுங்களும் இன்னும் ஏமாறுது.

சரி பண்றது சுலபம். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டனை பிளஸ் பக்கம் தள்ளணும். ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, ரெண்டு ஸ்டாப்னா நாலு மடங்கு. கணக்குப்படி 5 மடங்குக்கு ரெண்டு ஸ்டாப்பைத் தாண்டணும். ஆனா ஃப்ரேம்ல வானமும் மலையும் இருக்கும், அதனால எனக்கு பிளஸ் 1-ல இருந்து 1.7 வரைக்கும் சரியா வந்தது. போன்ல எடுக்கிறவங்க மணல் மேல விரலை அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணிட்டு, சூரியன் ஐகானை மேல தள்ளுங்க. ஒரே எச்சரிக்கை: ரொம்பத் தள்ளினா மணலோட வரிகள் வெந்து வெறும் பேப்பர் மாதிரி ஆயிடும். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை நெருங்கணும், முட்டக் கூடாது. அந்த வெயில்ல ஸ்க்ரீனை நம்பாதீங்க, கிராஃபை நம்புங்க.

இதே மாதிரி இன்னொரு டீஃபால்ட், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். சாயங்காலம் மணல் இளஞ்சிவப்பாகும். நிழல்ல நேர் வெயில் படாது, வானத்தோட வெளிச்சம் மட்டும்தான், அதனால அங்க நீலம் ஏறும். நாம அவ்வளவு தூரம் போனதே அதுக்குத்தான். ஆட்டோவோ அதையெல்லாம் 'தப்பு'ன்னு நினைச்சுத் துடைச்சு எடுத்துடும். டேலைட்ல வெச்சுட்டு விட்டுடுங்க. ராவ் ஃபைலா எடுத்தா அப்புறமும் மாத்திக்கலாம்.

சரி, இந்த மணல் ஏன் இவ்வளவு வெள்ளை? இது நம்ம பீச்சுல இருக்கிற மணல் இல்ல, ஜிப்சம். ஆமா, நம்ம வீட்டு ஃபால்ஸ் சீலிங் போர்டுல இருக்கிற அதே ஜிப்சம். சிமெண்ட்லயும் கொஞ்சம் சேர்ப்பாங்க, அதனால அம்மா பாதி கரெக்ட். ஜிப்சம் தண்ணியில கரையும். மற்ற இடமா இருந்தா ஆறு கரைச்சுக் கடலுக்குக் கொண்டு போயிருக்கும். இந்த துலரோசா பள்ளத்தாக்கில் இருந்து வெளியே போற ஆறே கிடையாது. மலையில் கரைஞ்சு வந்தது ஏரியில தேங்கி, தண்ணி வத்தி, படிகமாகி, காத்துல உடைஞ்சு மணலாச்சு. சுமார் 700 சதுர கிலோமீட்டர். உலகத்துலயே பெரிய ஜிப்சம் மணல்வெளி. இது குவார்ட்ஸ் மணல் மாதிரி சுடாது, வெறுங்காலோட நடக்கலாம்.

நடக்கிறதுலதான் அடுத்த சிக்கல். படத்துக்கு அழகே அந்த அலை அலையான வரிகள். உச்சி வெயில்ல அது தெரியவே தெரியாது. சூரியன் தாழ்வா, பக்கவாட்டுல இருந்து அடிக்கும்போதுதான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் விழும். அந்த நேரம் மொத்தமே அரை மணி, முக்கால் மணி. அவசரத்துல ஓடினீங்கன்னா உங்க கால் தடமே அடுத்த ஃப்ரேம்ல வந்து நிக்கும். முதல் நாள் நான் அதையும் பண்ணேன். ரெண்டாம் நாள் முதல்ல நின்னு, எங்க படம்னு முடிவு பண்ணிட்டு, மேட்டோட ஓரமா சுத்திப் போனோம்.

அப்படிச் சுத்தினதுல ஒரு பயமும் வந்தது. ஆல்கலி ஃப்ளாட்ங்கிற 8 கிலோமீட்டர் பாதையில, பாதையை விட்டு மூணு மேடு உள்ள தள்ளிப் போயிட்டோம். காத்து கிளம்பிச்சு. திரும்பிப் பார்த்தா வந்த தடம் காணோம். எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை, மரம் இல்ல, போன் சிக்னலும் இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு என் ஃப்ரெண்ட் கண்ணுல ஒரு வழிக்கம்பம் பட்டது. குளிர்காலம், பையில தண்ணி இருந்தது, தப்பிச்சோம். 2015 ஆகஸ்ட்ல இதே பாதையில் போன ரெண்டு பேர் வெயில்ல இறந்திருக்காங்க. பாதை முழுக்க நிழலும் கிடையாது, தண்ணியும் கிடையாது. அடுத்த கம்பம் கண்ணுக்குத் தெரியலன்னா திரும்பிடுங்க, எவ்வளவு நல்ல வெளிச்சமா இருந்தாலும் சரி. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணி.

போறதுக்கு முன்னாடி பூங்காவோட வெப்சைட்டையும் பார்த்துடுங்க. சுத்தி ராணுவத்தோட ஏவுகணைச் சோதனைத் தளம், சோதனை நாள்ல ரோட்டை மூடிடுவாங்க. ட்ரோனுக்கு அனுமதி இல்ல. சூரியன் மறைஞ்சப்புறம் ரொம்ப நேரம் இருக்க விடமாட்டாங்க, அதனால ட்ரைபாடைக் கடைசி நிமிஷம் வரைக்கும் வெச்சுக்கிட்டு நிக்காதீங்க. லென்ஸைக் காருக்குள்ள மாத்துங்க. அந்தப் பொடி சென்சார்ல போச்சுன்னா சர்வீஸ் சென்டர் செலவு உங்களுது.

ரெண்டாம் நாள் படங்களை எபிசோட் பேஜ்ல போட்டிருக்கேன், முதல் நாள் சிமெண்ட் ஃபேக்டரியும் பக்கத்துலயே இருக்கு. பனியில, உப்பளத்துல இதே கூத்து நடந்தவங்க வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.