சாப்பிடாதவருக்கு ஊசி எதற்கு?

காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ படுத்து, கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கும் சர்க்கரை வியாதிக்காரரைப் பார்க்க வருகிற உறவினர், "வயிறு காலியாகக் கிடக்கிறதே, இன்றைக்கு ஊசி வேண்டாம்" என்று சொல்லுவது கொட்டாரத்திலும் அதைச் சுற்றிய நாஞ்சில் நாட்டு ஊர்களிலும் மட்டுமன்று, இன்சுலின் போட்டுக்கொள்வோர் இருக்கும் எந்த ஊரிலும் காதில் விழக்கூடிய யோசனைதான். அன்பினால் பிறந்த யோசனை. ஆயினும் பிராணாபத்தை விளைவிக்க வல்லது.

ஆகாரம் குறைந்த வேளையில் நமது கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்கள் என்னும் பொருள்களை உண்டாக்கி, மூளைக்கும் இருதயத்துக்கும் எரிபொருளாக அனுப்புகிறது. கீட்டோசிஸ் எனப்படும் இந்நிலை, கந்த சஷ்டிக்கு உபவாசம் இருப்பவரிடத்தும், அரிசியை அறவே விலக்கிப் பேலியோ முறையில் உண்பவரிடத்தும் ஓரளவு ஏற்படுவதே. ஆரோக்கியமான சரீரத்தில் இன்சுலின் அதற்குக் கடிவாளம் போட்டிருப்பதால், அது வியாதியாவதில்லை. இன்சுலின் இல்லாத, அல்லது போதாத, சரீரத்திலோ, இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் அதை உபயோகிக்க வகையற்றுக் கொழுப்பு கட்டின்றிக் கரைய, கீட்டோன்கள் குவிந்து இரத்தமே அமிலத்தன்மை அடைகிறது. கீட்டோஅசிடோசிஸ் என்பது இதுதான். காய்ச்சல் வந்த சரீரம், நாம் உண்ணாவிட்டாலும், தன் கல்லீரலிலிருந்தே சர்க்கரையை வெளிவிடும். ஆகையால் நோயுற்ற நாளில் இன்சுலினின் தேவை பல சமயம் அதிகரிக்கிறது. அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை. அடியோடு நிறுத்துவது ஒருவருடைய வேலையும் அன்று.

1922 ஜனவரியில், டொரண்டோ நகரத்தில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவன் சர்க்கரை வியாதியால் மெலிந்து மரணத்தை நெருங்கியிருந்தபோதுதான், முதன்முதலாக ஒரு மனிதனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. சுத்தம் போதாத முதல் ஊசி பயன் தரவில்லை. சில தினங்கள் கழித்துச் சுத்திகரித்துக் கொடுத்த மருந்து அவனை எழுப்பி உட்கார வைத்தது. அவன் பின்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

கீட்டோஅசிடோசிஸின் அடையாளங்களை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, நீண்டு ஆழ்ந்த மூச்சு, பிறகு மயக்கம். மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை, அல்லது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி, வீசக்கூடும். தள்ளாடி விழுந்தவரிடம் அந்நெடியை முகர்ந்துவிட்டு, குடித்திருக்கிறான் என்று ஒதுக்கிப் போவது கொடிய பிழை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை உண்போருக்குச் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே இந்த அபாயம் நேரலாம் என்பதால், மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பி நிம்மதி அடையலாகாது. கீட்டோன் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். வாந்தி நிற்காவிடில் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். நரம்பு வழியே திரவமும் இன்சுலினும் ஏற்றி, பொட்டாசியத்தை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டிய சிகிச்சை இது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரியே இதற்குத் தக்க இடம்.

"எங்கள் சூரணத்தால் சர்க்கரை வியாதி பூரண குணம், ஊசியை எறிந்துவிடலாம்" என்னும் விளம்பரங்களைப் பற்றி நான் பொறுமையாக எழுத முடியாது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் விளம்பரச் சட்டம், நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையுண்டு. அந்த நோட்டீசைக் கிழித்தெறியாமல் காவல் நிலையத்தில் புகாரோடு கொடுப்பது பிரயோஜனமான காரியம்.

ஆஸ்பத்திரிக்குப் போன இடத்திலும் நோயாளிக்கு உரிமைகள் உண்டு. ஆபத்தான நிலையில் வந்தவரை இடமில்லை என்று அரசு ஆஸ்பத்திரி திருப்பியனுப்புவது, ஜீவிப்பதற்கான உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் மேற்கு வங்க வழக்கொன்றில் தீர்ப்பளித்து, ரயிலிலிருந்து விழுந்து பல ஆஸ்பத்திரிகளில் மறுக்கப்பட்ட தொழிலாளிக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடும் விதித்தது. கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அதற்கு முதல் வேலையாக, சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி.